வயலில் துள்ளும் பழுப்புப் பட்டாம்பூச்சி... மருந்து அடிக்கலாமா?

“கண்மாய்ப் பாசனத்தில் நெல் நட்டு 40 நாள் ஆகிறது. பழுப்பு நிறத்தில் சின்னப் பட்டாம்பூச்சிகள் பயிருக்குள் துள்ளித் துள்ளிப் பறக்கின்றன. சில இலைகள் சுருண்டிருக்கின்றன. இலைச்சுருட்டுப்புழு என்று சொல்லி, கடையில் மருந்து கொடுத்துவிட்டார்கள். அடிக்கலாமா?”

- காரியாபட்டி வாசகர்.

பாட்டிலைத் திறக்காதீர்கள். முதலில், சுருண்ட இலைகளில் பத்தைப் பிரித்துப் பாருங்கள்.

பகலில் துள்ளிப் பறப்பது ‘ஸ்கிப்பர்’ வகைப் பட்டாம்பூச்சி. உணர்கொம்பின் நுனி கொக்கி போல வளைந்திருக்கும். வெயில் காயும்போது முன்இறக்கையைத் தூக்கி, பின்இறக்கையைத் தட்டையாக விரித்து வைக்கும். இலைச்சுருட்டுப்புழுவின் தாய் அந்துப்பூச்சி இதைவிடச் சிறியது. மஞ்சள் கலந்த பழுப்பு இறக்கையில் நெளிநெளியாகக் கோடு இருக்கும். இரவில் விளக்குப்பொறிக்கு வரும்.

நெல்லுக்கு வரும் ஸ்கிப்பரிலும் சில வகை உண்டு. பெலோபிடாஸ் மத்தியாஸ் ஆணுக்கு முன்இறக்கையின் மேல்புறம் சாய்வாக ஒரு வெளிர்கோடு இருக்கும். போர்போ சின்னாராவுக்கு அது இல்லை. மற்றபடி இரண்டும் அண்ணன் தம்பி போலத்தான். ஆல்ப்ஸ் மலையில் திரியும் சில ஸ்கிப்பர்களை, வயிற்று நுனி உறுப்பை உருப்பெருக்கியில் பார்த்துத்தான் நிபுணர்களே உறுதி செய்கிறார்கள். நமக்கு அந்த வேலை வேண்டாம்; புழுவைப் பார்த்தால் போதும்.

இலைச்சுருட்டுப்புழு மெலிதாக, பச்சையாக இருக்கும். தொட்டால் வெடுக்கென்று நெளிந்து குதிக்கும். மடித்த இலைக்குள் பச்சையத்தைச் சுரண்டுவதால் இலையில் வெள்ளைக் கோடுகள் தெரியும். ஸ்கிப்பர் புழு பெரியது; தலைக்குப் பின்னால் கழுத்துப் போல ஒடுங்கியிருக்கும். சுரண்டாது, இலையை ஓரத்திலிருந்து கடித்துத் தின்னும். தலையில் இரண்டு கொம்பு இருந்தால் அது கொம்புப்புழு.

கொம்புப்புழுவும் ஸ்கிப்பரும் நெல்லில் மருந்து தேவைப்படும் அளவுக்குப் பெருகுவது அபூர்வம். ஒட்டுண்ணிக் குளவிகளே பார்த்துக்கொள்ளும். இப்போது மருந்து அடித்தால் குளவியும் சிலந்தியும்தான் முதலில் சாகும். பின்னாலேயே புகையான் வந்து நிற்கும்.

இலைச்சுருட்டுப்புழுவாகவே இருந்தாலும், நூறு இலைக்குப் பத்தில் சேதம் தெரிந்தால்தான் மருந்து. கண்ணாடி இலைப் பருவத்தில் அந்த இலையில் நூற்றுக்கு ஐந்து. அதற்குக் குறைவென்றால், வயலில் தண்ணீர் நிற்கும்போது இரண்டு பேர் கயிற்றைப் பிடித்துப் பயிர்மேல் இழுத்தாலே புழு கீழே விழும். யூரியாவை அள்ளிப் போடாதீர்கள். இலை வண்ண அட்டையைப் பார்த்துப் போடுங்கள்.

அப்படியும் சந்தேகம் என்றால், புழுவை இலையோடு ஒரு டப்பாவில் போட்டு, அருப்புக்கோட்டை கோவிலாங்குளத்தில் உள்ள வேளாண்மைப் பல்கலைக்கழக மண்டல ஆராய்ச்சி நிலையத்தில் காட்டுங்கள். மருந்துக்கு பில் வாங்கியிருந்தால், பாட்டிலைத் திருப்பிக் கொடுக்க முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள்.