படிகளைச் சுருக்குதல்

பரமபதப் பலகையில் ஏறுவதும் இறங்குவதும் காய். ஆனால் எத்தனை ஏணி ஏறினாலும் காய் மாறுவதில்லை. முதற் கட்டத்தில் இருந்த சோழியே கடைசிக் கட்டத்திலும் இருக்கும். கண்டியிலும் அயலூர்களிலும் உயர்தரம் பயிலும் மாணவர் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடிவரும் பகடையாட்டம் இதற்கு மாறானது. அதில் ஏற ஏற ஆளே மாறிவிடுகிறான்.

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது அதன் பெயர். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் அமெரிக்கர் இருவர் 1974ஆம் ஆண்டில் வெளியிட்டது. ஒருவர் கதையை நடத்துவார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, தாம் செய்வதைச் சொல்லிக்கொண்டு போவர். வெற்றி தோல்வியை இருபது முகப் பகடை தீர்மானிக்கும். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு தொழில் உண்டு: போர்வீரன், மந்திரவாதி, கள்வன், பூசகன் என்றவாறு. தொழிலுக்குத் தொழில் படிகள் உண்டு. அனுபவம் சேரச் சேர ஒரு படி உயரும். உயருந்தோறும் உடல்வலு கூடும், புதிய வித்தை வரும்.

பகடையைக் கண்டதும் பெற்றோர் சிலருக்குத் தருமர் நினைவு வந்துவிடுகிறது. அஞ்ச வேண்டியதில்லை, இதிலே பணயம் கிடையாது. செலவாவது காலம் ஒன்றே. உண்மையான சங்கடமும் அங்கேதான் இருக்கிறது.

2000ஆம் ஆண்டில் வந்த மூன்றாம் பதிப்பில் படிகள் இருபது. 2008இல் வந்த நான்காம் பதிப்பில் முப்பது. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு மீண்டும் இருபதுக்குத் திரும்பியது. நம் மாணவர் கணக்கைப் பார்ப்போம். டியூஷன் வகுப்புகளுக்கு இடையே இரு கிழமைக்கு ஒரு முறை கூடினால், ஆண்டுக்கு 26 அமர்வு. ஒரு படிக்கு மூன்று அமர்வு என்றால், முதற் படியிலிருந்து இருபதாம் படிக்குச் செல்ல 57 அமர்வு, அதாவது இரண்டு ஆண்டுக்கு மேல். உயர்தரப் படிப்போ ஏறக்குறைய இரண்டே ஆண்டு. பரீட்சைக்கு முந்திய மாதங்களில் எந்தத் தாய் பிள்ளையைப் பகடைக்கு அனுப்புவாள்? பரீட்சை முடிந்தால் ஒருவர் பேராதனைக்கும் ஒருவர் யாழ்ப்பாணத்துக்கும் ஒருவர் வெளிநாட்டுக்குமாகப் பிரிந்துவிடுவர். நாவலப்பிட்டிக்கும் மாத்தளைக்கும் பஸ் பிடிக்க வேண்டியவர்களை மாலை ஐந்துக்கு மேல் நிறுத்தி வைக்கவும் முடியாது. ஆகவே கதை பாதியில் நின்றுபோகும். அந்த மந்திரவாதி என்ன ஆனான் என்பதை ஒருவரும் அறியமாட்டார்.

இவ்விடர் நமக்கு மட்டும் உரியதன்று. மூன்றாம் பதிப்பை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர் ஜொனதன் டுவீட். நான்காம் பதிப்பின் ஆக்கத்துக்குத் தலைமை தாங்கியவர் ரொப் ஹைன்சோ. இருபது படி கட்டியவரும் முப்பது படி கட்டியவருமாகிய இவ்விருவரும் பின்னர் ஒன்றுகூடி, 2013இல் தேட்டீன்த் ஏஜ் என்னும் ஆட்டத்தை வெளியிட்டனர். அதில் படிகள் பத்தே பத்து! ஆனால் படிகளை வெறுமனே வெட்டி எறிந்தார்கள் அல்லர். முதற் படியிலேயே பாத்திரம் ஓரளவு தேறியவனாக நிற்கிறான். முதற் படி வீரன் ஆயுதத்துக்கு ஒரு பகடை உருட்டினால், பத்தாம் படி வீரன் பத்துப் பகடை உருட்டுவான். இரு படிகளுக்கு இடையேயுள்ள தூரம் பெரிதாகிவிடுவதால், அடுத்த படியில் வரவேண்டிய பயன்களுள் ஒன்றை முன்னதாகவே பெற்றுக்கொள்ளவும் விதி செய்திருக்கிறார்கள். படியைப் பெரிதாக்கினால் நடுவே ஒரு கால்மிதி வேண்டும் என்பதைக் கட்டியவர்களே அறிந்திருந்தனர்.

நம் மாணவரிடம் உள்ளது ஐந்தாம் பதிப்பின் நூல். அதையே சுருக்குவது எப்படி? இரண்டு இரண்டாகச் சேர்த்துவிடலாம் என்பார் பலர். முதல் மூன்று படிகளை மட்டும் தொடலாகாது என்பது என் கருத்து. புதியவர் தம் தொழிலைக் கற்பது அங்கேதான். 2024இல் திருத்தி வந்த விதிநூலில் எல்லாத் தொழிலாரும் தமக்குரிய உட்பிரிவைத் தெரிந்துகொள்வதும் மூன்றாம் படியிலேதான். அதற்கு மேல் நான்கையும் ஐந்தையும் ஒன்றாக்கலாம். ஆறும் ஏழும், எட்டும் ஒன்பதும், பத்தும் பதினொன்றும் அவ்வாறே. பதினொன்றோடு நிறுத்திவிடலாம். அப்படியில் போர்வீரன் ஒரே முறையில் மூன்று வீச்சு வீசுகிறான். அதுவே போதிய பெருமை. ஆக ஏழு படி, ஆறு ஏற்றம், 18 அமர்வு. ஓராண்டுக்குள் கதை முடிந்துவிடும்.

இதிலே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஐந்தாம் படி சாதாரணமானதன்று. மந்திரவாதிக்குத் தீக்கோளம் எறியும் வித்தையும் வீரனுக்கு இரண்டாம் வீச்சும் கிடைப்பது அங்கேதான். நான்கோடு ஐந்தைச் சேர்த்தால் ஒரே நாளில் குழுவின் பலம் பன்மடங்கு பெருகும். முந்திய அமர்வில் அவர்களை நடுங்க வைத்த அரக்கன் இந்த அமர்வில் ஒரு நாழிகை நிற்கமாட்டான். கதை நடத்துபவர் அரக்கர்களையும் அன்றே மாற்றிக்கொள்ள வேண்டும். மாணவர் இதை மறந்து படியை மாத்திரம் சுருக்குகின்றனர்.

நம் நாட்டிலும் 1972இல் பள்ளிப் படிகளைச் சுருக்கி, பரீட்சையின் பெயரையும் மாற்றி, 1977இன் ஆட்சி மாற்றத்துக்குப் பின் பழையபடியே திருப்பி வைத்தார்கள். அது வேறு கதை. அங்கே ஆடியவர்களை யாரும் கேட்கவில்லை. கட்டுக்கலையில் ஒரு வீட்டு விறாந்தையில் கூடும் ஐவரோ தமக்குள் பேசி, கைவாக்கெடுத்து, ஏழு படிக்கு இணங்கியிருக்கிறார்கள். கள்வன் பாத்திரம் ஏற்ற மாணவி மாத்திரம் எட்டு வேண்டுமென்று இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறாள்.