நாங்கள் கூட்டாத கூடு

யாழ்ப்பாணத்துத் தீவகத்தில் ஒரு வீட்டு முயல் செத்தால் காரணம் கைவசம் இருக்கும். காற்றுப் பட்டுட்டுது என்போம். நாவூறு என்போம். பாம்பு தீண்டியிருக்கும், தண்ணி குடிச்சிருக்கும், அதுதான் போச்சு என்போம். கூட்டுக்குக் கீழே குந்தியிருந்து புழுக்கையைக் கிளறிப் பார்த்தவர்கள் எங்களில் அரிது. வயிறு ஊதி, முதுகெலும்பு கையில் தட்டுப்பட, மூத்திரம் ஊறிய சாக்கின்மேல் கிடந்து செத்ததை வேலிக்கரையில் தாட்டோம். அடுத்த கிழமையே அதே கூட்டில், அதே சாக்கின்மேல், இன்னொரு சோடிக் குட்டிகளை விட்டோம். அவையும் போயின. வேலணை, ஊர்காவற்றுறை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு என்று எந்த ஊரையும் இதிலிருந்து விலக்க முடியாது. பிறர்மேல் பழிபோட இதில் இடமில்லை. செய்தவர்கள் நாங்கள்.

தெரியாமல் செய்தோம் என்று சொல்லவும் எங்களுக்கு வாயில்லை. கால்நடையோடு வாழ்ந்த மண் இது. நெடுந்தீவுக்குப் பசுத்தீவு என்றே ஒரு பெயர் உண்டு. கறவை மாடு ஒரு நேரம் தீன் எடுக்காவிட்டால் அரச கால்நடை வைத்தியர் பணிமனைக்கு ஆள் ஓடும். ஆட்டுக்கு மாரிக்கு முன்னும் பின்னும் பூச்சி மருந்து பருக்கவேண்டும் என்பது பத்து ஆடு வைத்திருக்கும் எவருக்கும் தெரியும். கோழிக்குஞ்சுக்குத் தடுப்பு மருந்து விட மறக்கமாட்டோம். பாலும் முட்டையும் காசும் தருகிற பிராணிக்குத்தான் எங்கள் வளவில் நோய் வரும். பிள்ளையின் மடியில் இருப்பதைத் தவிர வேறு வேலையில்லாத முயலுக்கு வந்தால், அதை நோய் என்றே நாங்கள் கணக்கெடுக்கவில்லை. ஆடி ஆவணியில் வெளிநாட்டிலிருந்து வரும் பேரப்பிள்ளைகள் கேட்டார்கள் என்று யாழ்ப்பாணம் போய் வாங்கி, பண்ணைத் தாம்போதி வழியே மட்டைப் பெட்டிக்குள் கொண்டு வருவோம். பிள்ளைகள் விமானம் ஏறிய பிறகு அந்த முயல் முழங்கால் நோவோடு இருக்கும் அம்மம்மாவின் தலையில் விழும். குனிந்து கூட்டைத் துப்புரவாக்க அவரால் முடியுமா என்று நாங்கள் கேட்டதில்லை.

முயலின் பெருங்குடலில் இருக்கும் பூச்சி ஒன்றும் மறைவானதல்ல. வெள்ளை நூல் துண்டுபோல, பெரியது ஒரு சென்ரிமீற்றர் அளவில், புதுப் புழுக்கையின்மேல் நெளிவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். காலையில் கூட்டைத் திறந்ததும் பார்க்கவேண்டும். வெயில் ஏறினால் காய்ந்து தெரியாமல் போகும். பெண்பூச்சி மலவாயைச் சுற்றி முட்டையிடும். முயலுக்கு இரவில் போடும் மெல்லிய, பளபளப்பான புழுக்கையைத் தானே வாயால் எடுத்துத் தின்னும் வழக்கம் உண்டு. அதன் சமிபாடே அப்படித்தான். அதைத் தடுக்கவும் கூடாது. ஆனால் அதனோடு முட்டைகளும் திரும்ப வயிற்றுக்குள் போகின்றன. ஒரு முறை வந்த பூச்சி அதே கூட்டுக்குள் தலைமுறை தலைமுறையாகப் பெருகுவது இப்படித்தான். இந்தப் பூச்சி பிள்ளைகளுக்குத் தொற்றாது. நன்றாகத் தின்னும் பெரிய முயலைப் பெரிதாக வருத்துவதுமில்லை. ஆனால் நாங்கள் வளர்த்தவை நன்றாகத் தின்னும் முயல்களா?

குட்டிகளைக் கொன்றது பெரும்பாலும் வேறொன்று. அது பூச்சியே அல்ல. கொக்சிடியா என்ற, கண்ணுக்குத் தெரியாத ஓரணு ஒட்டுண்ணி. தாய்ப்பால் மறக்கும் வயதிலிருந்து நாலு மாதம் வரையான குட்டிகளைத்தான் அது அதிகம் பிடிக்கும். வயிறு பானையாகும், கழிச்சல் போகும், வளர்ச்சி நிற்கும். ஒரு வகை ஈரலையே தாக்கும். செத்த முயலை வெட்டிப் பார்த்தால் ஈரல் முழுக்க வெள்ளைப் பொட்டுகள் இருக்கும். நாங்கள் எல்லாவற்றுக்கும் "பூச்சி" என்றே பெயர் வைத்துப் பூச்சி மருந்தைப் பருக்கினோம். பூச்சி மருந்து கொக்சிடியாவை ஒன்றும் செய்யாது. அதற்குச் சல்பா மருந்து போன்றவை வேண்டும். எது வந்திருக்கிறது என்பதைப் புழுக்கையை நுணுக்குக்காட்டியில் பார்த்தால்தான் சொல்லலாம். பார்க்கும் முறையும் எளியது. புழுக்கையைச் செறிந்த உப்புக் கரைசலில் கலக்கினால் முட்டைகள் மேலே மிதந்து வரும். அதைக் கண்ணாடித் தகட்டில் ஒற்றி எடுத்துப் பார்ப்பார்கள்.

என்னை மிகவும் உறுத்துவது இதுதான். கொக்சிடியாவின் முட்டை முயலின் வயிற்றிலிருந்து விழுந்த உடனேயே தொற்றாது. ஈரமும் சூடும் கிடைக்கும் இடத்தில், ஏறக்குறைய ஒரு நாளிலிருந்து மூன்று நாள்வரை கிடந்து முதிர்ந்த பிறகுதான் இன்னொரு முயலைப் பிடிக்கும். அதாவது ஒவ்வொரு நாளும் கூட்டைக் கூட்டிப் புழுக்கையை அள்ளியிருந்தால் அந்த நோய் வழியிலேயே அறுந்திருக்கும். காசு செலவில்லை, கடல் கடக்கத் தேவையில்லை, வைத்தியரும் வேண்டாம். ஈர்க்கு விளக்குமாறு இல்லாத வீடு தீவகத்தில் உண்டா? முற்றத்தை விடியற்காலையில் கோலம்போல வரிவரியாகக் கூட்டுகிற நாங்கள், அந்த முற்றத்தின் மூலையில் இருந்த கூட்டைக் கிழமைக்கொருதரம், மணத்தபோதுதான் கூட்டினோம். சிலர் டெட்டோல் ஊற்றினோம், சிலர் கிணற்றுக்குப் போடும் புளீச்சிங் பவுடரைத் தூவினோம். இரண்டுக்கும் அந்த முட்டை சாகாது. கொதிநீர் ஊற்றி, பிறகு நல்ல வெயிலில் காயவிடவேண்டும். வெயில் எங்களிடம் குறைவாகவா இருந்தது?

அடுத்தது நாயும் புல்லும். மாரி விட்டதும் வேலி ஓரத்திலும் கேணிக் கரையிலும் அறுகும் கோரையும் தழைக்கும். பிள்ளைகள் போய்ப் பிடுங்கிவந்து அப்படியே கூட்டுக்குள் போடுவார்கள். அந்தப் புல்லில்தான் ஊர்நாய்கள் மலம் கழிக்கின்றன. நாயின் குடலில் வாழும் ஒரு வகை நாடாப்புழுவுக்கு முயல்தான் இடைவழி வீடு. முட்டை புல்லோடு முயலுக்குள் போய், ஈரலைத் துளைத்து, வயிற்றறையில் பட்டாணி அளவு நீர்க்குமிழிகளாகத் தொங்கும். அந்த முயலின் உள்ளுறுப்பை ஒரு நாய் தின்றால் புழு மறுபடி நாய்க்குள் வளரும். பற்றைக் காடுகளில் நாய்களைக் கொண்டு காட்டு முயல் வேட்டையாடிய காலம் முழுக்க, முயலை உரித்த இடத்திலேயே குடலை நாய்க்கு எறிந்தது யார்? இறைச்சி வெட்டும் நாளில் ஆட்டுக் குடலின் மிச்சத்தை வேலிக்கு வெளியே போட்டு நாய்களைக் கூப்பிட்டது யார்? பங்கு கொடுத்தோம் என்று நினைத்தோம். கொடுத்தது புழுவுக்கு. ஆட்டிலிருந்து நாய்க்குப் போகும் இன்னொரு நாடாப்புழு மனிதனின் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டியாக வளரும். நாயின் உருளைப்புழு முட்டை மண்ணோடு பிள்ளையின் வாய்க்குள் போனால் கண் பார்வையைக்கூடக் கெடுக்கும். முயலைக் காப்பாற்ற முதலில் நாய்க்குத்தான் மருந்து கொடுக்கவேண்டும் என்பதை நாங்கள் யோசிக்கவேயில்லை. வளர்ந்த நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒரு தரம், நாடாப்புழுவுக்குப் பிரசிகுவான்டெல் சேர்ந்த மருந்து கொடுத்தால் அந்தச் சுழற்சி பெருமளவு குறையும்.

தீவகத்து நாய்களின் கதையும் எங்கள் கதைதான். 1990-91 இடப்பெயர்வில் மாட்டின் கட்டை அவிழ்த்துவிட்டு, நாய் படலையடியில் பார்த்துக்கொண்டு நிற்க, வள்ளம் ஏறினோம். அது எங்கள் குற்றமல்ல. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போனவர்களிடம் அதைக் கேட்கக்கூடாது. ஆனால் திரும்பி வந்து குடியிருந்த பிறகும், கட்டாக்காலி மாட்டையும் நாயையும் யாருடைய பொறுப்புமில்லாதவையாகவே விட்டுவைத்தோமே, அது எங்கள் குற்றம். நெடுந்தீவு மட்டக்குதிரைகளிலும் இதையே காணலாம். போர்த்துக்கேயரையும் ஒல்லாந்தரையும் பற்றி வரும் பயணிகளுக்குக் கதை சொல்கிறோம், குதிரையைக் காட்டுகிறோம். 2015இல் தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்டது. இருந்தும் வறட்சி கடுமையான ஆண்டுகளில் தண்ணீருக்கு அலைந்து அவை செத்து விழுந்த செய்தி வராமல் இருக்கவில்லை. வற்றுகிற ஒரே நீர்நிலையைச் சுற்றிச் சாணமும் மேய்ச்சலும் ஒன்றாகும்போது குடற்புழு பெருகும் என்பது குதிரைக்கும் பொருந்தும், மாட்டுக்கும் பொருந்தும்.

தண்ணீர் என்றதும் சொல்லவேண்டும். முயலுக்குத் தண்ணீர் வைக்கக்கூடாது என்று எங்கள் பெரியவர்கள் சொன்னார்கள், நாங்களும் நம்பினோம். சரியான பொய் அது. பச்சைப் புல்லில் உள்ள ஈரம் சோளகம் வீசும் மாதங்களில் எந்த மூலைக்குப் போதும்? குடிநீரைப் பவுசரில் வாங்கும் ஊர்களில் முயலுக்கு ஒரு சிரட்டைத் தண்ணீர் என்பது யாருக்கும் மனம் வராத செலவாக இருந்திருக்கலாம். ஆனால் உவர்க் கிணற்று நீரையாவது வைத்தோமா என்றால் அதுவும் இல்லை. நீர் வற்றிய குடல் மந்தமாகும். முயலுக்கு அரை நாள் தீன் நின்றாலே ஆபத்து. வாந்தி எடுக்கவும் அதனால் முடியாது. புல் கருகிப்போன ஆனி, ஆடியில் பாணும் பிஸ்கட்டும் மிஞ்சின சோறும் போட்டோம். இபில் இபில் குழையை ஆட்டுக்கு ஒடிக்கிற கையோடு முயலுக்கும் போட்டோம். அதைத் தொடர்ந்து தின்ற முயலுக்கு மயிர் உதிர்ந்தபோது "பூச்சிதான்" என்றோம். தைமாதத்தில் முழங்கால் உயரம் நிற்கும் புல்லை அரிந்து, நிலத்தில் படாமல் கொடியில் போட்டு வெயிலில் உலர்த்தி வைத்திருந்தால் ஆவணிவரை வந்திருக்கும். நன்றாகக் காயும்போது புல்லில் ஒட்டியிருக்கும் நாடாப்புழு முட்டைகளும் செத்துப்போகும். ஒரே வேலையில் தீனும் தடுப்பும்.

மருந்து விஷயத்தில் நாங்கள் செய்தது இன்னும் மோசம். "பிள்ளையின்ர பூச்சிக் குளிசையில பாதியைக் கரைச்சுப் பருக்கி விடு" என்பது எங்கள் வீடுகளில் சாதாரண பேச்சு. அந்தக் குளிசை அல்பெண்டசோலாக இருந்தால், முயலின் எலும்பு மச்சையைத் தாக்கிக் குருதி அணுக்கள் உருவாவதையே நிறுத்திவிடக்கூடும். நாயின் உண்ணிக்கு அடிக்கும் பிப்ரோனிலை முயலின்மேல் அடித்தவர்களும் உண்டு. அது முயலுக்கு நஞ்சு. முயலின் பூச்சிக்கு வழக்கமாகக் கொடுப்பது பென்பெண்டசோல்: உடல் எடையில் ஒரு கிலோகிராமுக்கு 20 மில்லிகிராம், நாளுக்கு ஒரு தரம், 5 நாள். இரண்டு கிழமை கழித்து இன்னொரு சுற்று. ஒன்றரைக் கிலோ முயலுக்கு 30 மில்லிகிராம். நூற்றுக்குப் பத்துச் செறிவுள்ள கரைசலில் அது 0.3 மில்லிலீற்றர்தான். ஆட்டு மருந்துப் போத்தலின் மூடியால் அளக்கிற அளவல்ல இது. ஊசி இல்லாத சின்னச் சிறிஞ்சால் கடைவாயில் மெல்ல விடுகிற அளவு. இதுவும் அல்பெண்டசோலின் குடும்பத்து மருந்துதான், கூடினால் இதுவும் கெடுக்கும். ஆகவே தராசில் நிறுக்காமல், வைத்தியரிடம் கேட்காமல் கொடுக்கக்கூடாது. மருந்துக்காகப் பட்டினி போடவும் கூடாது. மருந்து தொடங்கும் நாளிலேயே கூட்டைக் கழுவி, முயலின் பின்புறத்தையும் ஈரத்துணியால் துடைத்து உலர்த்தவேண்டும். அது நடக்காவிட்டால் இரண்டாம் கிழமையில் பூச்சி திரும்பவும் அங்கே நிற்கும்.

ஐப்பசி கார்த்திகை அடைமழையில் பின்புறம் நனைந்து கழிச்சல் ஒட்டிக் கிடக்கும் முயலில் ஈ முட்டையிட்டு, ஒரே நாளில் தோலுக்குள் புழு இறங்கும். அதைக் கண்டவர்கள் மறக்கமாட்டார்கள். அன்று வைத்தியரிடம் போகலாம் என்றால் கடல் பெருத்துக் குறிகட்டுவானுக்குப் படகு ஓடாது. நெடுந்தீவுக்காரர் எங்களைப் பார்த்து, கடல் இடையில் இருக்கிறதே என்று சொன்னால் அதில் நியாயமுண்டு. வேலணையிலிருந்து பஸ்ஸில் போகக்கூடியவர்கள் என்ன சொல்லப்போகிறோம்? முயலைத் தூக்கிக்கொண்டு போனால் சிரிப்பார்கள் என்று வெட்கப்பட்டோம். கொண்டுபோகாதபடியால் முயல் நோய் இந்தப் பக்கம் இருப்பதாக யாருக்கும் தெரியவில்லை. கேட்பாரில்லாத மருந்தை எந்தக் கடைக்காரர் வாங்கி வைப்பார்? பேராதனையில் படித்து வந்த இளம் வைத்தியர்களிடம் நாங்கள் ஒரு முயலையாவது காட்டியிருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும்.

இனிச் செய்யவேண்டியதைத் தீவக வீடுகளுக்குச் சொல்லி முடிக்கிறேன். கூட்டை நிலத்திலிருந்து இடுப்பளவு உயர்த்துங்கள். அடியில் புழுக்கை விழுகிற அளவுக் கம்பிவலை அடியுங்கள், பாதம் புண்ணாகாமல் படுக்க ஒரு பலகைத் துண்டு வையுங்கள். புல்லைத் தரையில் போடாமல் பக்கத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். புதிதாக வாங்கிய முயலை இரண்டு கிழமை தனியே வையுங்கள். மெலிவோ கழிச்சலோ கண்டால் அன்று காலை விழுந்த புழுக்கையை ஒரு நெருப்புப் பெட்டியில் போட்டுக் கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோங்கள். கடல் கடந்து போகவேண்டியவர்கள் போகிறவரிடம் கொடுத்துவிடுங்கள். நாள்தோறும் கூட்டைக் கூட்ட ஆளில்லாத வீட்டில், பிள்ளை எவ்வளவு அழுதாலும் முயல் வாங்கிக் கொடுக்காதீர்கள்.