பேய்க்குப் பல் எதுக்கு?

தலைப்பைப் பார்த்துச் சிரிக்காதீங்க. கேள்வி நிஜமான கேள்விதான்.

போன வருஷம் ஓர் ஓவியப் போட்டியில் ரத்தக்காட்டேரி ஒன்று வரைந்தேன். பாதி முகம் முழுக்கக் கறுப்பு மை. மீதிப் பாதியில் சோகமாக ஒரு கண். நடுவர் பார்த்துவிட்டு, "பல் எங்கேப்பா? ரத்தம் எங்கே? பாதியில விட்டுட்டியா?" என்று கேட்டார். பரிசு, வாய் நிறைய கோரைப் பல்லும் தாடை நிறைய சிவப்பு பெயிண்ட்டும் வைத்த என் நண்பனுக்குப் போனது. எனக்குப் பொறாமை இல்லை. (கொஞ்சம் உண்டு.) ஆனாலும் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன்.

என் மாமா பையன் வீட்டில் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற அமெரிக்க விளையாட்டு ஆடினோம். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார வேண்டும். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, "நான் கதவைத் திறக்கிறேன்", "நான் ஓடிப்போறேன்" என்று சொல்ல வேண்டும். முடிந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். எல்லாமே வாய்ப்பேச்சு என்பதால், கண்ணுக்குத் தீனி புத்தகத்திலுள்ள படங்கள்தான்.

அதில் பேய்க்கதை உலகத்தின் பெயர் ரேவன்லாஃப்ட். டிரேசி ஹிக்மன், லாரா ஹிக்மன் என்ற கணவனும் மனைவியும் எழுதி 1983-ல் வெளிவந்தது. வில்லன் ஸ்ட்ராட் என்ற பிரபு. தம்பி கட்டிக்கொள்ள இருந்த பெண்மேல் ஆசைப்பட்டு, கல்யாண நாளன்றே தம்பியைக் கொன்றவன். அந்தப் பெண் கோட்டையிலிருந்து குதித்துவிட்டாள். இவன் சாகவும் முடியாமல் கிடக்கிறான். முதல் அட்டைப்படத்தில் கிளைட் கால்ட்வெல் இவனை அங்கி போட்ட கனவானாக வரைந்தார். 1990-ல் வந்த பெட்டியில் உள்ளே இருக்கும் படங்கள் ஸ்டீபன் ஃபேபியன் வரைந்தவை. வெறும் கறுப்பு வெள்ளை, ஆனால் இருட்டு அப்படியே கெட்டியாக இருக்கும். அந்த இருட்டுக்குள் என்ன இருக்கிறது என்பதை நாமேதான் கற்பனை செய்ய வேண்டும்.

நாங்கள் ஆடியபோது நான் கவனித்தது இது. பல்லைக் காட்டும் படத்தை நீட்டினால் எல்லோரும் உடனே பகடையைக் கையில் எடுத்து, "வெட்டுறேன்!" என்றார்கள். ஸ்ட்ராட் முகத்தைக் காட்டியதும் யாரும் வெட்டவில்லை. "பேசிப் பார்ப்போமா?" என்றான் ஒருத்தன். அப்போதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

1991-ல் வந்த 'வாம்பயர்: தி மாஸ்கரேட்' விளையாட்டுக்கு வரைந்த டிம் பிராட்ஸ்ட்ரீட், நிஜ ஆட்களைப் போட்டோ எடுத்து அதைப் பார்த்து வரைந்தார். தோல் ஜாக்கெட், கறுப்புக் கண்ணாடி. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்காரக்கூடிய ஆள்! பல்லை விட இது மோசம்.

ஆனால் ரேவன்லாஃப்ட்டோடு எனக்கு ஒரு சண்டையும் உண்டு. அதில் விஸ்டானி என்று ஒரு கூட்டம் வரும். கூண்டு வண்டியில் ஊர் ஊராகப் போய்ச் சீட்டுப் போட்டுக் குறி சொல்வார்கள், சாபம் விடுவார்கள். இது ஐரோப்பாவின் ரோமா மக்களைப் பற்றிய பழைய கட்டுக்கதை. சுமார் ஆயிரம் வருஷத்துக்கு முன் நம் நாட்டின் வடமேற்கிலிருந்து போனவர்களின் வாரிசுகள் அவர்கள். அவர்கள் மொழி இந்திக்கும் பஞ்சாபிக்கும் சொந்தம். ஹிட்லர் ஆட்சி அவர்களை லட்சக்கணக்கில் கொன்றது. ஸ்ட்ராட் செய்த காரியத்தால் பயமாக இருக்கிறான். விஸ்டானிகளுக்கோ தலையில் ஒரு துணி, காதில் ஒரு வளையம் வரைந்தாலே போதும், பார்ப்பவன் 'சூதுக்காரர்கள்' என்று முடிவுகட்டிவிடுகிறான். கோரைப் பல் போலவே இதுவும் சோம்பேறி ஓவியம்தான், ஆனால் இதில் அடி நிஜ மனுஷங்களுக்கு விழுகிறது. வெளியீட்டாளர்களே 2020-ல் தவறை ஒப்புக்கொண்டு, 2016-ல் வந்த 'கர்ஸ் ஆஃப் ஸ்ட்ராட்' புத்தகத்தில் இவர்களைப் பற்றிய வரிகளைத் திருத்தினார்கள். லேட்தான், ஆனாலும் செய்தார்களே.

அடுத்த இதழில் கீழ் மூலை காலியாக இருக்கிறதாம். கறுப்பு மையில் மட்டும் ஒரு பேய் வரைந்து, வெள்ளிக்கிழமைக்குள் ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவில் கொடுங்கள். பல் கூடாது, ரத்தம் கூடாது, யாருடைய சாதி உடுப்பும் கூடாது. பரிசு வாங்கிய நண்பா, உன்னையும்தான் கூப்பிடுகிறேன்.