பேரு மட்டும் போதாது, ஸ்டெப்ஸ் வேணும்!

மர்ம நாவல் படிக்கும்போது கொலையாளி யாருன்னு யூகிப்பீங்களா? நம்ம ஹாஸ்டல்ல கேட்டுப் பாருங்க, ரெண்டு கட்சி இருக்கும். "யூகிச்சா சஸ்பென்ஸ் போயிடும், கதை போற போக்குல போவேன்" என்பது ஒரு கட்சி. "அம்பதாவது பக்கத்துலயே கண்டுபிடிச்சிட்டேன்" என்பது இன்னொன்று. இந்த ரெண்டாவது கட்சிக்கு என் கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்: எப்படி?

பெரும்பாலும் வரும் பதில், "யார் மேல சந்தேகமே வரலையோ, அவங்கதான்!" மக்களே, இது துப்பறியறது இல்லை. ஆப்டிடியூட் டெஸ்ட்ல கணக்கையே போடாம, 'போன தடவை சி வந்துச்சு'ன்னு டிக் அடிக்கிற வேலை.

இந்த நாவல்களை எழுதினவங்க இதை நேர்மையான ஆட்டமாகத்தான் பார்த்தார்கள். அமெரிக்க எழுத்தாளர் எஸ்.எஸ். வான் டைன் 1928-ல் இருபது விதிகள் எழுதினார். துப்பறிவாளருக்கு இருக்கும் அதே வாய்ப்பு வாசகருக்கும் இருக்கணும் என்பதுதான் முதல் விதி. 1929-ல் இங்கிலாந்தின் ரொனால்ட் நாக்ஸ் பத்து விதிகள் போட்டார்: குற்றவாளி கதையின் ஆரம்பத்திலேயே வந்திருக்கணும், ரகசிய அறை ஒன்றுக்கு மேல் கூடாது, இப்படி. அதே வருடம் வந்த எல்லரி குவீனின் முதல் நாவல், முடிவுக்கு முன்னால் கதையையே நிறுத்தி, தடயமெல்லாம் கொடுத்தாச்சு, யோசிச்சு விடையைச் சொல்லுன்னு வாசகருக்குச் சவால் விட்டது.

முதல் கட்சிக்கும் ஒரு வார்த்தை. 1926-ல் புத்தகமாக வந்த அகதா கிறிஸ்டியின் 'தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்' படிங்க. முடிவைச் சொல்ல மாட்டேன், பயப்படாதீங்க. ஒருத்தர் மேல பந்தயம் கட்டிட்டுப் படிச்சாத்தான் அந்த முடிவின் அடி முழுசா விழும். திரும்பப் படிச்சா, தடயங்கள் கண் முன்னாலேயே கிடந்தது தெரியும்.

அதனால அடுத்த நாவல்ல இதைச் செய்யுங்க. துப்பறிவாளர் எல்லாரையும் ஹாலில் உட்கார வைக்கும் இடத்தில் புத்தகத்தை மூடுங்க. ஒரு பேர், மூணு காரணம், போன்ல டைப் பண்ணி வைங்க. பேர் சரி, காரணம் இல்லைன்னா பூஜ்யம். பேர் தப்பு, ஆனா காரணம் நிக்குதுன்னா, நம்ம செமஸ்டர் பேப்பர் மாதிரி ஸ்டெப் மார்க் உண்டு.

இதுக்கு ஏன் இவ்வளவு அலட்டல்னு கேக்கலாம். ஹாஸ்டல்ல ஒரு லேப்டாப் காணாமப் போனா என்ன நடக்குது? "அவனைப் பார்த்தாலே தெரியுதுடா" என்று அரை மணி நேரத்துல ஒரு பேர் சுத்த ஆரம்பிச்சிடும். கதையில சந்தேகமே வராத ஆளைப் பிடிக்கிறோம், நிஜத்துல சந்தேகப்பட வசதியான ஆளைப் பிடிக்கிறோம். ரெண்டுலயும் தடயம் கிடையாது. நாவல்ல தப்பான ஆளைச் சொன்னா யாருக்கும் நஷ்டமில்லை. ஹாஸ்டல்ல அந்தப் பையன் மிச்ச வருஷம் முழுக்க மெஸ்ஸில் தனியாத்தான் சாப்பிடணும்.