அடிக்கல் நாட்டினா மட்டும் போதுமா?

ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில், கால்டன் குன்றின் மேல் 12 தூண்கள் நிக்குது. மேலே கூரை கிடையாது.

நெப்போலியன் போர்களில் உயிர்விட்ட ஸ்காட்லாந்து வீரர்களுக்கு ஏதென்ஸின் பார்த்தினான் மாதிரியே நினைவகம் கட்டுறோம்னு பெரிய மனுஷங்க கிளம்பினாங்க. திரட்ட நினைச்சது 42,000 பவுண்டு. அது சேரும் முன்னாடியே, 1822-ல் மன்னர் நான்காம் ஜார்ஜ் நகருக்கு வந்த சமயம் பார்த்து அடிக்கல்! 1826-ல் வேலை ஆரம்பம். 1829-ல் காசில்லாம நிறுத்தம். இன்னிக்கும் அப்படியே நிக்குது.

அதுக்கு விழுந்த பட்டப்பெயர் 'ஸ்காட்லாந்தின் அவமானம்'. நாட்டு மக்கள் என்ன பாவம் செஞ்சாங்க? கையில் நிதி இல்லாம, செத்த வீரன் பேரில் வாக்குக் கொடுத்தவங்களோட அவமானம் அது!

நாளைக்கு உங்க ஊருக்கு அடிக்கல் நாட்ட யார் வந்தாலும், நம்ம கட்சிக்காரரே வந்தாலும், மாலை போடும் முன் கேளுங்க: "நிதி எங்கே? எப்போ முடிப்பீங்க?"