எழுதிவைத்தால்தான் எண்ணப்படுவோம்

தியத்தலாவை என்றதும் இன்று எமக்கு இராணுவப் பயிற்சிக் கல்லூரிதான் நினைவுக்கு வரும். 1900ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் ஆங்கிலேயர் அங்கே வேறொரு முகாமைத் திறந்தனர். தென்னாபிரிக்காவில் தம்மை எதிர்த்துப் போரிட்டுப் பிடிபட்ட போயர் இனத்து ஆண்கள் ஏறத்தாழ 5,000 பேர் கப்பலிற் கொண்டுவரப்பட்டு அங்கே அடைக்கப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலானோர் மண்ணை நம்பி வாழ்ந்தவர்கள். 'போயர்' என்ற சொல்லுக்கே அவர்களுடைய மொழியிற் கமக்காரன் என்றுதான் பொருள். கணவன்மார் எமது தீவின் மலையிலே கம்பிவேலிக்குள் இருக்க, மனைவியரும் பிள்ளைகளும் எங்கே இருந்தார்கள்?

அவர்களும் முகாம்களிலேயே இருந்தார்கள். 1899 முதல் 1902 வரை நடந்த அப்போரில், போராளிகளுக்கு உணவு கிடைக்கக்கூடாது என்பதற்காகப் பிரித்தானியப் படை கமங்களை எரித்தது; கால்நடைகளைக் கொன்றது; குடும்பங்களை வண்டிகளில் ஏற்றிக் கூடாரங்களுக்குக் கொண்டு சென்றது. அம்முகாம்களுக்கு முதலில் இட்ட பெயர் அகதி முகாம்கள். அம்மக்களின் பாதுகாப்புக்காகவே அவை அமைக்கப்பட்டன என்று சொல்லப்பட்டது. இவற்றை வாசிக்கும்போது உங்களுக்கு எதுவும் புதிதாகத் தோன்றாது. 1984, 1997, 2008, 2009 என்று நெடுங்கேணி மக்கள் தம் இடப்பெயர்வுகளை ஆண்டுகளாலேயே எண்ணுபவர்கள். நலன்புரி நிலையம் என்ற பெயரின் பின்னால் இருந்த வாழ்க்கையை மெனிக் பாமில் நாட்களை எண்ணியவர்களுக்கு நாம் விளக்கத் தேவையில்லை.

நாம் சொல்ல வந்தது அம்முகாம்களுக்குச் சென்ற ஒரு பெண்ணைப் பற்றி. எமிலி ஹொப்ஹவுஸ் 1860இல் இங்கிலாந்தின் கோர்ண்வோல் பகுதியில் ஓர் அங்கிலிக்கன் குருவானவரின் மகளாகப் பிறந்தார். தந்தை 1895இல் இறக்கும்வரை அவரைப் பராமரித்துக்கொண்டு வீட்டிலே இருந்தார். பதவியோ பட்டமோ அவரிடம் இருக்கவில்லை. தமது நாட்டுப் படை எதிரியின் பெண்களையும் பிள்ளைகளையும் வீடிழக்கச் செய்கின்றது என்று கேள்விப்பட்டார். நிதி திரட்டினார். 1900 டிசம்பரிற் கேப்டவுணில் வந்திறங்கினார். 1901 ஜனவரியிற் புளூம்பொன்டெயின் முகாமுக்குள் நுழைந்தார்.

அங்கே அவர் முதலிற் செய்த வேலை பேச்சு அல்ல, கேட்பதும் எழுதுவதும். ஒரு கூடாரத்தில் எத்தனை பேர்? ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர்? அதைக் கொதிக்கவைக்க விறகு உண்டா? சவர்க்காரம் உண்டா? சவர்க்காரம் பங்கீட்டிலே இல்லை. அது ஆடம்பரப் பொருள் என்று அவருக்குப் பதில் கிடைத்தது. ஆண்கள் இன்னும் களத்தில் நிற்கும் குடும்பங்களுக்கு மற்றவர்களைவிடக் குறைவான பங்கீடு கொடுக்கப்பட்டதையும் அவர் கண்டார். தகப்பன் சரணடையாத குற்றத்துக்குக் குழந்தை பட்டினி கிடந்தது. ஒவ்வொரு கூடாரமாகச் சென்று, தாய்மார் சொன்னவற்றைக் குறித்துக்கொண்டார்.

மே மாதத்தில் இங்கிலாந்து திரும்பி, ஜூன் மாதத்தில் தமது அறிக்கையை வெளியிட்டார். பாராளுமன்றத்தில் விவாதம் எழுந்தது. பத்திரிகைகள் பல அவரைத் துரோகி என்றன. தாய்மாருக்குச் சுத்தம் தெரியாததால்தான் பிள்ளைகள் சாகின்றனர் என்று சொன்னவர்களும் இருந்தனர். ஆயினும் அரசாங்கத்தால் அறிக்கையைப் புறந்தள்ள முடியவில்லை. பெண்களின் வாக்குரிமைக்காகப் பாடுபட்ட மிலிசென்ற் போசெற் என்ற அம்மையாரின் தலைமையிற் பெண்கள் ஆணைக்குழு ஒன்று அனுப்பப்பட்டது. எமிலிக்கு அதில் இடம் தரப்படவில்லை. போரை ஆதரித்த ஆணைக்குழுவாயினும், அது நேரிற் கண்டவை எமிலி எழுதியவற்றைப் பெரிதும் உறுதிப்படுத்தின. 1901 ஒக்டோபரில் எமிலி மீண்டும் கேப்டவுண் சென்றபோது கரையிறங்க விடாமல் திருப்பி அனுப்பப்பட்டார். அதே மாதத்தில் முகாம்களின் மரணவீதம், ஆண்டுக் கணக்கில், ஆயிரத்துக்கு 344 ஆக இருந்தது. பின்னர் உணவும் தண்ணீரும் மருத்துவமும் சீராக்கப்பட, 1902இல் அது மிகவும் குறைந்தது. எனினும் அதற்கிடையில் ஏறத்தாழ 28,000 போயர் மக்கள் இறந்துவிட்டனர். அவர்களுள் 22,000 பேருக்கு மேல் 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகள்.

இதிலிருந்து நாம் எடுக்கவேண்டிய பாடம் என்ன? மக்கள் படும் துன்பம் தானாகப் பேசுவதில்லை. அதற்குப் பெயர், நாள், இடம், அளவு வேண்டும். "மக்கள் கஷ்டப்படுகிறார்கள்" என்ற வசனத்தை எந்த அதிகாரியும் கேட்டுவிட்டுத் தேநீர் அருந்தலாம். "இந்தக் கூடாரத்தில் இத்தனை பேர், இத்தனை நாளாய்ச் சவர்க்காரம் இல்லை" என்ற வசனத்துக்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

ஆனால் இந்த வரலாற்றில் இன்னுமொரு பக்கம் உண்டு. அதே போரிற் கறுப்பின மக்களும் கமங்களிலிருந்து அகற்றப்பட்டுத் தனி முகாம்களில் வைக்கப்பட்டனர். அந்தக் கமங்களில் வேலை செய்தவர்களும், சிறு நிலத்தில் தமக்கெனப் பயிரிட்டவர்களும் அவர்கள். அங்கே 14,000 பேருக்கு மேல் இறந்ததாகப் பதிவுகள் காட்டுகின்றன; பதியப்படாதோர் இன்னும் பலர். அம்முகாம்களின் நிலைமையும் ஆராயப்படவேண்டும் என்று எமிலி குறிப்பிட்டார். ஆனால் அவற்றுக்குள் அவர் செல்லவில்லை. அதனால் அம்மக்களின் கதை பல ஆண்டுகள் எழுதப்படாமலே கிடந்தது. 1913இற் புளூம்பொன்டெயினில் எழுப்பப்பட்ட பெண்கள் நினைவுத் தூபியிலும் அவர்களுக்கு இடம் இருக்கவில்லை. நல்ல மனமுள்ளவர் எழுதிய பட்டியலிலும் விடுபட்டவர்கள் இருக்கலாம்.

எமது பட்டியல்களில் விடுபடுபவர்கள் யார்? 1977 வன்செயலின் பின் மலையகத்திலிருந்து வந்து வன்னியிற் காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். எம்மோடு சேர்ந்தே ஓடினார்கள். எம்மோடு சேர்ந்தே இழந்தார்கள். ஆனால் அவர்களிற் பலரிடம் உறுதியும் இல்லை, அனுமதிப்பத்திரமும் இல்லை. காணி இழந்தோர் விபரம் கேட்கப்படும்போது, காணி இருந்ததற்கே அத்தாட்சி இல்லாதவர் எந்த வரிசையில் நிற்பார்? அவருடைய பக்கத்துக் காணிக்காரர் சாட்சி சொல்ல வராவிட்டால் வேறு யார் வருவார்? ஊர்க் கூட்டத்தில் அவர்களைப் பின்வாங்கிலே இருத்திவிட்டு எமக்கு மட்டும் நீதி கேட்பது நீதியாகாது.

அடுத்தது எமது பெண்கள். கணவனை இழந்து, அல்லது கணவன் எங்கே என்று தெரியாமல், வயலைத் தனியாகச் செய்யும் பெண்கள் எத்தனை பேர்! அனுமதிப்பத்திரம் பெரும்பாலும் ஆணின் பெயரிலேயே இருக்கின்றது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், பின்னுரித்தாளர் பெயர் குறிக்கப்படாத காணிகளில் மகளைவிட மகனுக்கே முன்னிடம் கொடுத்து வந்தது. 2022இல் வந்த திருத்தம் இந்த வேறுபாட்டை நீக்கியது. ஆனால் சட்டம் மாறியதை அறியாதவருக்குச் சட்டம் மாறவில்லை. உங்கள் அனுமதிப்பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். யாருடைய பெயர் இருக்கின்றது? பின்னுரித்தாளர் நியமிக்கப்பட்டுள்ளாரா? பத்திரம் தொலைந்திருந்தால் அதன் இலக்கத்தை அறிந்தவர் யார்? இவற்றைப் பிரதேச செயலகத்திற் கேட்பது உங்கள் உரிமை. எவரும் உங்களுக்குச் செய்யும் தயவு அல்ல.

எமிலியின் பணி அறிக்கையோடு முடியவில்லை. போர் முடிந்தபின் 1903இல் மீண்டும் தென்னாபிரிக்கா சென்றார். மக்கள் எரிந்த வீடுகளுக்குத் திரும்பியிருந்தனர். நிலம் இருந்தது, உழ மாடு இல்லை. உழவு மாட்டுச் சோடிகளை ஒழுங்குசெய்து கமங்களுக்கு முறைவைத்துக் கொடுக்க ஏற்பாடு செய்தார். 1905இற் பிலிப்பொலிஸ் என்ற ஊரில், பெண்பிள்ளைகள் நூல் நூற்கவும் நெய்யவும் பழகுவதற்கு ஒரு பாடசாலையைத் தொடக்கினார். அதைத் தொடர்ந்து பல ஊர்களில் அத்தகைய பாடசாலைகள் எழுந்தன. முகாமிற் பாணும் மாவும் கொடுப்பதற்கு ஆயிரம் பேர் வருவர். முகாம் மூடப்பட்டபின் முதல் உழவுக்கு எத்தனை பேர் வருவர்? மெனிக் பாம் 2012 செப்ரெம்பரில் மூடப்பட்டது. வந்த வாகனங்களும் பதாகைகளும் பின்னர் குறைந்து போயின. தூர்ந்த குளமும் கடனும் உங்களுடனேயே இருந்தன. அபிவிருத்தி என்று நாம் சொல்வது அந்த இரண்டாவது வருகையைத்தான்.

அவருடைய மனம் ஓர் இனத்தோடு நின்றுவிடவுமில்லை. 1914இன் தொடக்கத்தில், நேற்றால் தோட்டங்களிலும் சுரங்கங்களிலும் உழைத்த இந்தியத் தொழிலாளருக்காகக் காந்தியடிகள் போராடியபோது, அரசுத் தலைவர்களோடு தமக்கிருந்த பழக்கத்தைப் பயன்படுத்தி எமிலி சமரசத்துக்கு உதவினார். அத்தொழிலாளருட் பெருந்தொகையினர் தமிழர். தலைக்கு மூன்று பவுண் வரி அவ்வாண்டிலேயே நீங்கியது.

முதுமையில் எமிலி பணமின்றி இருந்தார். 1921இற் தென்னாபிரிக்க மக்கள் ஆளுக்கு இரண்டரைச் சிலிங் வீதம் சேர்த்து அவருக்கு ஒரு வீடு வாங்க உதவினர். 1926இல் அவர் இறந்தபின் அவருடைய சாம்பல் அந்தப் பெண்கள் நினைவுத் தூபியின் அடியில் வைக்கப்பட்டது. எதிரி நாட்டவள் ஒருத்திக்கு அம்மக்கள் தம் பிள்ளைகளின் நினைவிடத்திலேயே இடம் கொடுத்தார்கள்.

எமக்கு ஓர் எமிலி வருவாள் என்று காத்திருக்கும்படி நாம் சொல்லவில்லை. அவர் 1924இல் வெளியிட்ட நூல் முகாமிலிருந்த பெண்கள் தாமே எழுதிய அனுபவங்களின் தொகுப்பாகும். எழுதியவர்கள் பேராசிரியர்கள் அல்லர், கமக்காரப் பெண்கள். எமது மாதர் சங்கங்களும் கமக்காரர் அமைப்புகளும் இதைச் செய்யலாம். நூறு பக்கக் கொப்பி ஒன்று போதும். வீட்டுக்கு ஒரு பக்கம்: யார் இருந்தோம், யார் இல்லை, எந்தக் காணி, நான்கு எல்லையிலும் யார், எந்தக் குளத்துத் தண்ணீர், எந்த ஆண்டில் வெளியேறினோம், எப்போது திரும்பினோம், இன்னும் எது திரும்பவில்லை. எழுதத் தெரியாத ஆச்சி சொல்லட்டும், பள்ளிக்குப் போகும் பேரப்பிள்ளை எழுதட்டும். உறுதி இல்லாத வீட்டுக்கும் ஒரு பக்கம் விடுங்கள். எழுதி முடிந்ததும் பிரதி எடுத்து இரண்டு இடங்களில் வையுங்கள். எல்லை தெரிந்த பெரியவர்கள் எம்மோடு இருக்கும்போதே அந்த வேலை தொடங்கட்டும்.