தலைமையும் புலமையும்

பேலியகொடை என்றதும் இன்று பலர்க்கு நினைவில் வருவது மீன் சந்தையே. ஆயினும், இரத்மலானை தர்மாலோக தேரர் 1875ஆம் ஆண்டிலே வித்தியாலங்கார பிரிவெனாவை நிறுவிய ஊரும் இதுவே. கல்விக் கழகமொன்றின் தலைவர் எத்தகையவராக இருத்தல் வேண்டும் என்ற வினாவுக்கு அப்பிரிவெனாவின் வரலாறு தரும் விடை, தமிழாசிரியராகிய நாமும் சிந்தித்தற்குரியது.

1927ஆம் ஆண்டில் வட இந்தியர் ஒருவர் அங்கு வந்து சேர்ந்தார். அவர் அப்பொழுது பிக்கு அல்லர், இந்நாட்டவரும் அல்லர். வடமொழிப் புலமையே அவர் கொணர்ந்த செல்வம். லுணுபொக்குணே தர்மானந்த தேரரின் தலைமையில் இருந்த பிரிவெனா அவரை ஏற்றுக்கொண்டது. அவர் வடமொழி கற்பித்தார். தேரரிடம் பாளி கற்றார். ஒரே மனிதர் ஒரே கூரையின்கீழ் ஆசிரியராகவும் மாணவராகவும் இருந்தார். அவரே ‘வால்காவிலிருந்து கங்கை வரை’ என்னும் நூலால் தமிழ் வாசகர்க்கு நன்கறிமுகமான ராகுல சாங்கிருத்தியாயன். 1959ல் பிரிவெனா பல்கலைக் கழகமாக உயர்ந்தபொழுது, தத்துவப் பேராசிரியராக அவர் மீண்டும் வந்தார். இன்றைய களனிப் பல்கலைக் கழகம் அதன் வழித்தோன்றலே.

நன்னூலார் நல்லாசிரியரை நிலத்துக்கும் மலைக்கும் நிறைகோலுக்கும் மலருக்கும் ஒப்பிட்டார். ஆசிரியர்க்குத் தலைவராவார்க்கு இந்நான்கும் வேண்டும். அவற்றுள்ளும் முதற்கண் வேண்டுவது நிறைகோலின் இயல்பே. வந்தவரின் ஊரையும் சார்பையும் நோக்காது புலமையை மட்டும் நிறுத்துப் பார்த்தமையாலன்றோ பேலியகொடையில் அத்தகைய ஒருவர் வளர இடம் கிடைத்தது?

தலைவர் கண்டிப்பானவராக இருத்தல் குற்றமன்று. இலங்கைப் பல்கலைக் கழகத்தின் முதல் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ் 1942 முதல் 1955 வரை நிருவாகச் சுமையனைத்தையும் தாங்கினார். அரசியற் சட்டம் பற்றிய நூல்களை எழுதுவதையும் அவர் நிறுத்தவில்லை. வித்தியாலங்கார வளாகத்தில் தமிழ்த்துறையை வழிநடத்திய பேராசிரியர் க. கைலாசபதி, 1974ல் யாழ்ப்பாண வளாகத்தின் முதல் தலைவரானார். அவரும் ஆராய்ச்சியாளராகவே இறுதிவரை வாழ்ந்தார். தலைவர் எழுதுவதைக் காணும் இளம் விரிவுரையாளர், எழுதுதல் தம் கடமை என்பதை எவரும் சொல்லாமலே உணர்வர். தலைவர் சுற்றறிக்கை மட்டுமே எழுதுவாராயின், அவர்களும் அதற்கு மறுமொழி எழுதுவதோடு அமைவர்.

இன்று நாம் காண்பது யாது? விரிவுரையாளரின் தகுதி, கட்டுரைகளின் எண்ணிக்கையால் அளக்கப்படுகின்றது. எண்ணிக்கை மிக, வாசிப்புக் குறைகின்றது. தலைவர்க்கு இசைவானவர் உயர, மாற்றுக் கருத்துரைப்பவர் ஒதுங்கி நிற்கின்றார். அண்மைய பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் கற்றோர் பலர் கடல் கடந்தனர். ஊதியம் மட்டுமே அதற்குக் காரணம் என்று கூறி அமைதல் எளிது. தம் உழைப்பை மதிப்பாரில்லை என்ற மனக்குறையும் ஒருவரைக் கப்பலேற்றும் என்பதை மறத்தலாகாது.

நாட்டின் 1978ஆம் ஆண்டுப் பல்கலைக் கழகச் சட்டத்தின்படி, பேரவை மூவர் பெயரை முன்மொழிய, சனாதிபதி ஒருவரைத் துணைவேந்தராக நியமிக்கின்றார். ஆகவே, தேர்வின் முதற்பொறுப்பு பேரவையினுடையதே. வேட்பாளர் எழுப்பவிருக்கும் கட்டடங்களைப் பற்றிப் பேரவை வினவுக, தவறில்லை. அதற்கு முன்னர் மூன்று வினாக்களை எழுப்புக: உம்மால் வளர்ந்த அறிஞர் எத்துணையர்? உம்மோடு மாறுபட்டவர்க்கு நீர் செய்த உதவி யாது? சென்ற ஆண்டில் நீர் புதிதாகக் கற்றது என்ன?

இம்மூன்றுக்கும் நேர்மையாக விடை கூறவல்லார் தலைமையேற்பின், ஆசிரியர் வளர்வர். ஆசிரியர் வளர, மாணவரும் வளர்வர். கட்டடங்கள் பின்னர் எழட்டும்.